கசப்பைப் பெயராகக் கொண்டவர்

வறுமையே எழுத்தாளனை ஆக்குகின்றது என்று சொல்வோர் நம்மிடையே பலருளர். மேடைகளிலே இவ்வாறு பேசக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. வறுமைதான் ஆசான் என்றால் இவ்வுலகில் எழுத்தாளருக்கு ஏது பஞ்சம்? குடிசைக்கு ஒரு காவியம் பிறந்திருக்க வேண்டுமே! இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்கு ருஷிய நாவலாசிரியர் மாக்சிம் கோர்க்கியின் இளமைச் சரித்திரத்தைப்போற் பொருத்தமானது வேறொன்றை நான் காணவில்லை. அவர் அளவுக்கு அடியும் பசியும் உண்டு வளர்ந்த எழுத்தாளர் சிலரே. ஆனால் அவரோடு ஒரே நிலவறையில் நின்று மா பிசைந்தவர்கள் பலர். அவருக்கு விழுந்த அடி அவர்களுக்கும் விழுந்தது. அவர்களுடைய பெயரை உலகம் அறியாது. அவர் பெயரை மாத்திரம் அறிந்தது எவ்வாறு?

கோர்க்கி என்பது அவருடைய இயற்பெயரன்று. அலெக்சேய் பெஷ்கொவ் என்பதே பெற்றோர் இட்ட பெயர். 1868ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆந் திகதி, வொல்கா நதிக்கரையிலுள்ள நிஷ்னி நொவ்கொரொட் என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் மாக்சிம் தச்சுவேலையில் வல்லவர். பின்னர் அஸ்திரகான் நகரிலே கப்பற் கம்பனி ஒன்றின் கந்தோரில் உத்தியோகம் பார்த்தார். 1871இல் மூன்று வயதுப் பாலகனாகிய அலெக்சேய்க்கு வாந்திபேதி கண்டது. இரவு பகலாக அருகிருந்து பராமரித்த தந்தையை அந்நோய் பற்றியது. பிள்ளை பிழைத்தது, தந்தை இறந்தார். வாழ்க்கையின் தொடக்கமே இது.

விதவையான தாய் பிள்ளையோடு தன் தகப்பன் வீட்டுக்குத் திரும்பினாள். பாட்டனார் வசீலி கஷீரின் இளமையிலே வொல்கா நதிக்கரையில் தோளிற் கயிற்றைப் பூட்டி ஓடங்களை இழுத்தவர்; பின்னர் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்துத் துணிகளுக்குச் சாயமிடும் தொழிற்சாலைக்கு உடைமையாளரானவர். அவ்வீட்டிலே மாமன்மார் இருவரும் சொத்துக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தனர். வாரந்தோறும் சனிக்கிழமைகளிலே அந்த வாரத்துக் குற்றங்களுக்கெல்லாம் கணக்குப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பது பாட்டனாரின் வழக்கம். ஒரு மேசைவிரிப்பைச் சாயத்தில் தோய்த்த குற்றத்துக்காகச் சிறுவன் அலெக்சேய் நினைவிழக்கும் வரை அடிக்கப்பட்டான்.

அடித்த அதே பாட்டனார்தாம் அவனுக்கு எழுத்தும் கற்பித்தார் என்பது வேடிக்கை. பழைய திருச்சபை மொழியிலிருந்த தாவீதின் சங்கீதங்களை வைத்துக்கொண்டு அவர் பாடஞ் சொன்னார். நம்முடைய முன்னோர் திண்ணைப் பள்ளியிலே பொருள் தெரியுமுன் ஆத்திசூடியை மனனஞ் செய்தது போல, அவனும் பொருள் தெரியாமலே பாராமற் படித்தான். மிஷன் பாடசாலையிலே காலைதோறும் அச்சங்கீதங்களைச் சொல்லி வளர்ந்த எனக்கு, அந்தக் கிழவரும் பேரனும் ஒரே புத்தகத்தின்மேற் குனிந்திருந்த காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆனால் எழுத்தைக் கற்பித்தவர் வேறு, மொழியைக் கொடுத்தவர் வேறு. பாட்டியார் அக்குலீனா எழுதப் படிக்கத் தெரியாதவர். துணிச்சரிகை பின்னுவதிலே கெட்டிக்காரி. அவர் வாயிலிருந்து கதைகளும் பாடல்களும் ஊற்றுப்போற் பெருகின. அவர் சொன்ன கதைகளைக் கேட்பதற்குக் கப்பற் தொழிலாளரும் கூடினராம். பிற்காலத்திலே கோர்க்கியின் உரைநடையிற் காணப்படும் இசையும் மனிதர்மீதுள்ள பரிவும் இக்கிழவியிடமிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன். பாட்டனாரின் கடவுள் கணக்குக் கேட்கும் கடவுள்; பாட்டியாரின் கடவுள் கூடவே இருந்து இரங்கும் கடவுள் என்று பேரன் கண்டுகொண்ட வேறுபாடு, எச்சமயத்தவரும் சிந்திக்கத் தக்கது.

1879இல் தாயும் சயரோகத்தால் மாண்டாள். பாட்டனாரின் தொழிலும் நொடித்துவிட்டது. சில நாள் கழிந்ததும், இனி உன்னைக் கழுத்திலே கட்டிக்கொண்டு திரிய இயலாது, வெளியே போய்ப் பிழைத்துக்கொள் என்று கிழவர் பேரனை அனுப்பிவிட்டார். அப்பொழுது அலெக்சேய்க்கு வயது பதினொன்று. பள்ளிக்கூடத்து வாழ்வு அத்துடன் முடிந்தது. அதன் பின் அவன் எந்தப் பாடசாலையிலும் படிக்கவில்லை.

சப்பாத்துக் கடையிலே எடுபிடி வேலை; அங்கே கொதிக்கும் சூப்பு கையிற் கொட்டி வைத்தியசாலை சேர்ந்தான். பிறகு படம் வரைவோன் ஒருவனிடம் தொழில் பழகச் சென்றான். அங்கே படம் வரைவதற்குப் பதிலாக நிலம் கழுவினான், பிள்ளைக்குத் துணி தோய்த்தான். பிறகு நீராவிக் கப்பலிலே கோப்பை கழுவினான். பிறகு சுவாமி படங்கள் தீட்டும் பட்டறை. இடையிடையே குப்பையிற் கந்தல் பொறுக்கியும் பறவைகள் பிடித்து விற்றும் பிழைத்தான். இவற்றையெல்லாம் விரித்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. கப்பலில் நடந்த ஒன்றை மாத்திரம் சற்று நின்று பார்ப்போம்.

அக்கப்பலின் பெயர் 'தோப்ரி'; 'நல்லது' என்று பொருள். அதன் குசினியிலே தலைமைக் கோக்கியாக இருந்தவன் மிகையில் ஸ்மூரி. முன்னாள் இராணுவத்தான், பருத்த உடம்பு, முரட்டு வாய், கப்பலில் எல்லாரும் அவனுக்கு அஞ்சினர். அவனிடம் ஒரு றங்குப் பெட்டி நிறையப் புத்தகங்கள் இருந்தன. நல்லதும் கெட்டதும் ஒழுங்கின்றிக் கலந்து கிடந்த குவியல் அது. ஸ்மூரி சிறுவனைக் கோப்பை கழுவும் தொட்டியிலிருந்து பிடித்திழுத்து வந்து, "படி" என்று கட்டளையிடுவான். அவன் உரத்துப் படிக்க, கோக்கி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான். கோகொல் எழுதிய 'தாரஸ் புல்பா'வைப் படித்தபோது அந்த முரடன் தேம்பி அழுதானாம். சிறுவனின் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டியிருந்த மற்றவர்கள் அவனை வெறுத்ததில் வியப்பில்லை. கள்ளப் பழி ஒன்றினால் அவன் கப்பலை விட்டு இறக்கப்பட்டான். ஆனால் அதற்குள் புத்தகப் பசி அவனைப் பிடித்துவிட்டது. பிற்காலத்திலே புகழ் பெற்றபோது தன் ஆசிரியர்களின் பெயரைச் சொல்ல நேர்ந்த இடத்தில் இந்தக் கோக்கியின் பெயரைக் கோர்க்கி நன்றியோடு குறிப்பிட்டார்.

படம் வரைவோன் வீட்டுக்கு மீண்டும் போனபோது படிப்பது அங்கே குற்றமாயிருந்தது. கிழட்டு எசமானி மெழுகுதிரியை அளந்து வைப்பாள். சிறுவன் மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து விளக்காக்கினான். அதுவும் இயலாத இரவுகளிலே செப்புச் சட்டியிற் பட்டுத் தெறித்த நிலா வெளிச்சத்திற் படிக்க முயன்றான். ஒரு நாள் தேநீர்க் கொதிகலம் கவனியாமற் பழுதாகியதற்காகக் கிழவி விறகுச் சிராய்க்கட்டால் அவன் முதுகிலே அடித்தாள். வைத்தியர் நாற்பதுக்கு மேற்பட்ட சிராய்களைப் பிடுங்கி எடுத்து, பொலிசில் முறைப்பாடு செய்வாயா என்று கேட்டார். அவன் மறுத்தான். மகிழ்ந்த எசமானர் என்ன வேண்டுமென்று வினவ, அயலிலிருந்த தையற்காரன் மனைவியிடம் புத்தகம் இரவல் வாங்க அனுமதி வேண்டும் என்றான்! பேரம் படிந்தது. பின்னர் அறிமுகமான இன்னொரு சீமாட்டி அவனுக்குப் புஷ்கினுடைய கவிதைகளைக் கொடுத்தாள்.

ஒரு முறை பிரெஞ்சு ஆசிரியர் ஃப்ளோபேர் எழுதிய ஒரு கதை அவனை ஆட்கொண்டது. யாரும் பொருட்படுத்தாத ஒரு வேலைக்காரியின் எளிய வாழ்வே அக்கதை. இவ்வளவு சாதாரணமான சொற்கள் இப்படி நெஞ்சைப் பிழிவது எப்படி, தாளுக்குள்ளே ஏதும் வித்தை ஒளிந்திருக்கிறதோ என்று அவன் ஏட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தானாம். எழுத்தாளன் பிறந்த நேரம் எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1884இல், பதினாறு வயதில், சர்வகலாசாலை புகும் ஆசையோடு கசான் நகர் சென்றான். கையிற் காசில்லை, படித்த சான்றும் இல்லை. சர்வகலாசாலையின் வாயில் திறக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தவை துறைமுகத்து மூடைகளும் நிலவறைப் பேக்கரியும். செமியோனொவ் என்பவனுடைய பேக்கரியிலே சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத குழிக்குள், போறணைச் சூட்டிலே, நாளில் அரைப்பங்குக்கு மேல் வேலை. பின்னர் தெரென்கொவ் என்னும் வேறொரு கடையில் வேலை கிடைத்தது; அங்கே அரசாங்கம் தடைசெய்த நூல்களைக் கொண்ட ஓர் இரகசிய வாசிகசாலை இருந்தது. இரவிலே பாண் சுடுவது, விடியலிலே அதைக் கூடையிற் சுமந்து மாணவருக்குக் கொடுப்பது, கூடையின் அடியிலே துண்டுப் பிரசுரங்களைக் கொண்டு செல்வது: இதுவே அவனுடைய பட்டப்படிப்பு. சர்வகலாசாலையிற் படிக்கும் வாய்ப்பைப் பெற்றும் விரிவுரை மண்டபத்திலே தூங்கும் எம்மனோர் இதை வாசிக்கும்போது சிறிது நாணுதல் தகும். பிற்காலத்திலே இந்தக் கசான் வாழ்வைப் பற்றி எழுதிய நூலுக்கு 'என் சர்வகலாசாலைகள்' என்னும் கருத்துப்படப் பெயரிட்டார்.

1887 அவருக்குக் கொடிய ஆண்டு. பாட்டியார் கோயில் வாயிலிலே பிச்சையெடுக்கும்போது விழுந்து காலொடிந்து இறந்தார். அச்செய்தி அடக்கஞ் செய்து ஏழு வாரம் கழிந்த பின்னரே கடிதமாக வந்தது. அத்துயரத்தைச் சொல்லி அழ அருகில் ஒருவரும் இல்லை. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலே அவர் ஒரு கைத்துப்பாக்கியை வாங்கி, இருதயத்தைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டார். குண்டு இருதயத்துக்குத் தப்பி நுரையீரலைத் துளைத்தது. பத்தொன்பது வயது! பிழைத்தெழுந்தபின் அச்செயலுக்காக அவர் பெருமைப்படவில்லை. அதை ஒரு மடமையாகவே நினைவுகூர்ந்தார். வறுமை எழுத்தாளனை ஆக்கும் என்போர் இவ்விடத்திலே சற்று நிற்றல் வேண்டும். வறுமையும் தனிமையும் தம் போக்கில் விடப்பட்டால் எங்கே கொண்டுசென்று விடும் என்பதற்கு அந்தக் குண்டே சாட்சி.

அவரை மீட்டவர்கள் மனிதர்கள். நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய ரொமாஸ் என்னும் புரட்சிக்காரர், 1888இல் தம்மோடு ஒரு கிராமத்துக்கு அழைத்துச் சென்று, கடையில் வேலையும் படிக்க நல்ல நூல்களும் கொடுத்தார். அவ்வூர்ப் பணக்காரர் கடைக்குத் தீ வைத்தனர். நிஷ்னிக்குத் திரும்பி நியாயவாதி ஒருவரிடம் இலிகிதராயிருந்தபோது, தாம் எழுதிய நீண்ட கவிதை ஒன்றை எடுத்துக்கொண்டு எழுத்தாளர் கொரொலேன்கோவிடம் போனார். அவர் இளைஞரென்று பாராமல் பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். மனமுடைந்த பெஷ்கொவ் ஏறக்குறைய இரண்டு வருடம் எழுதவேயில்லை. அன்று கொரொலேன்கோ முதுகிலே தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தால் ருஷியாவுக்கு இன்னொரு கெட்ட கவிஞர் கிடைத்திருப்பார், அவ்வளவே. நம்முடைய கவியரங்குகளில் அந்தத் துணிவு இன்னும் சற்று வேண்டும்.

1891இல் அவர் கால்நடையாகவே நாட்டைச் சுற்றப் புறப்பட்டார். வொல்கா, டொன் நதிப் பிரதேசம், உக்ரேயின், பெசராபியா, கிரிமியா, கோக்கசு என அவ்வழி நீண்டது. யூலை மாதத்திலே கண்டிபினோ என்னும் கிராமத்திற் கண்ட காட்சி கொடுமையானது. நடத்தை கெட்டவள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணொருத்தியை ஆடை களைந்து வண்டியிற் கட்டி, கணவன் சவுக்கால் அடித்துக்கொண்டு ஊர்வலம் போனான். ஊரே பின்னால் ஆர்ப்பரித்துச் சென்றது. வழிப்போக்கராகிய பெஷ்கொவ் குறுக்கே பாய்ந்து தடுத்தார். ஊரவர் அவரைச் சாகுமட்டும் அடித்துச் சேற்றில் எறிந்தனர். அப்பெண்ணைப் பற்றி 1895இல் ஒரு சிறு சித்திரம் எழுதினார். ஆனால் தாம் அடிபட்டதை அதில் எழுதவில்லை. இச்செய்தியை நினைவில் வைத்திருக்குமாறு கேட்கிறேன். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

அவ்வாண்டின் பிற்பகுதியிலே திப்லிஸ் நகரை அடைந்து புகைவண்டித் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தார். அங்கே கல்யூஷ்னி என்பவர், தம் வழிநடைக் கதைகளை அவர் வாயாரச் சொல்வதைக் கேட்டு, சொல்வதைப்போலவே எழுதும்படி வற்புறுத்தினார். எழுதிய கதை 'மகர் சூத்ரா'. 1892 செப்ரெம்பரில் 'கவ்காஸ்' என்னும் பத்திரிகையில் அது வெளிவந்தது. பெயர் என்ன போடுவது என்ற கேள்வி எழுந்தபோது அவர் 'மாக்சிம் கோர்க்கி' என்று எழுதினார். மாக்சிம், தம்மைக் காப்பாற்றித் தாம் மாண்ட தந்தையின் பெயர். கோர்க்கி என்றால் ருஷிய மொழியிலே கசப்பு.

அதன்பின் ஏற்றம் விரைவானது. கொரொலேன்கோவே ஊக்க, 'செல்காஷ்' 1895இல் பெரிய சஞ்சிகையில் வந்தது. 1898இல் இரு தொகுதிகளாகக் கதைகள் அச்சேறின. ஒரே ஆண்டில் நாடு முழுதும் அவர் பெயர் பரவியது. 1899இல் முதல் நாவல் 'ஃபொமா கொர்தேயெவ்'. 1902இல் 'அதல பாதாளம்' என்று நாம் சொல்லத்தக்க நாடகம் மொஸ்கோ கலை அரங்கிலே ஏறியது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதில் நடித்தார். அதே ஆண்டில் இராச்சிய விஞ்ஞானக் கழகம் அவரைக் கௌரவ அங்கத்தவராகத் தெரிந்தது. சார் மன்னர் அத்தெரிவை இரத்துச் செய்வித்தார். இதைக் கண்டித்துச் செகொவும் கொரொலேன்கோவும் தம் அங்கத்துவத்தைத் துறந்தனர். கவிதை நன்றாயில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர், பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவருக்காகப் பட்டத்தை எறிந்தார்.

1905இல் கோர்க்கி சிறைப்பட்டபோது ஐரோப்பா முழுதும் கண்டனக் குரல் எழுந்தது. அவ்வாண்டு யூலையில் தென்னாபிரிக்காவிலே காந்தியடிகள் தமது 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் கோர்க்கியின் வாழ்வைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார் என்பது நம்மவர் பலர் அறியாதது. 1906இல் எழுதத் தொடங்கிய 'தாய்' நாவல், தொ. மு. சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகருக்கும் சொந்தமாயிற்று. எனினும் என் கருத்திலே அவருடைய சிறந்த படைப்பு 'தாய்' அன்று; 1913இல் எழுதத் தொடங்கிய தன் வரலாற்றின் முதற் பாகமே. 'தாய்' நம்மை நம்பச் சொல்கிறது; அந்தச் சிறுவனின் கதையோ எதையும் கேட்காமல் நம்மை ஆட்கொள்கிறது. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்சும் பன்னிரண்டு வயதிலே சப்பாத்து மைப் போத்தல்களுக்குத் தாள் ஒட்டியவர்தாம். ஆனால் அதைத் தம் வாழ்நாளிலே உலகறியச் சொல்ல நாணினார். கோர்க்கி ஒன்றையும் மறைக்கவில்லை. பாட்டனாரைக்கூட அவர் கொடியவராக மட்டும் தீட்டவில்லை. கயிற்றை இழுத்துக் காய்ப்பேறிய தோளையும் காட்டினார்.

இங்கே நிறுத்திக்கொண்டால் இது விழா மேடைக்கேற்ற கதையாகும். சரித்திரம் அப்படி விடுவதில்லை. 1917இன் புரட்சிக்குப் பின், தம் நண்பர்களே ஆட்சியிலிருந்த காலத்திலே, அவர்கள் செய்த வன்முறையை அவர் தமது பத்திரிகையில் வெளிப்படையாகக் கண்டித்தார். 1918இல் அப்பத்திரிகை மூடப்பட்டது. பஞ்சகாலத்திலே பசியால் வாடிய எழுத்தாளருக்கு உணவும் வேலையும் தேடிக் கொடுத்தார். 1921இல் நாட்டை விட்டகன்று பின்னர் இத்தாலியில் வசித்தார். இவ்வளவும் கண்டிபினோவிற் குறுக்கே பாய்ந்த மனிதருக்குத் தகுந்தவையே. ஆனால் திரும்பி வரத் தொடங்கிய பின், 1929இல் சொலவெட்ஸ்கித் தீவிலுள்ள கைதிகள் முகாமைப் பார்வையிட்டு, அதைப் புகழ்ந்தெழுதினார். கைதிகளின் உழைப்பால் வெட்டப்பட்டதும் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்ததுமான வெண்கடற் கால்வாயைப் போற்றி 1934இல் வந்த கூட்டுநூலுக்கு அவரே ஆசிரியர்களுள் ஒருவர்.

வண்டியிற் கட்டப்பட்ட ஒருத்திக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர், ஆயிரம் பேர் கட்டப்பட்ட இடத்தை எப்படிக் கடந்து போனார்? முதுமை என்பர் சிலர். ஏமாற்றப்பட்டார் என்பர் சிலர். நாட்டின்மேல் வைத்த நம்பிக்கையை இழக்க அஞ்சினார் என்பாரும் உளர். கடைசி விளக்கமே எனக்குப் பொருந்தத் தோன்றுகிறது. ஆயினும் விளக்கம் வேறு, மன்னிப்பு வேறு. இதற்காக அவருடைய நூல்களை எரிக்க வேண்டியதில்லை. நூல்களுக்காக இதை மறைக்கவும் வேண்டியதில்லை. பெரியோர் இதிலே என்னோடு மாறுபடலாம்.

1936 யூன் 18ஆந் திகதி மொஸ்கோவுக்கு அருகே அவர் காலமானார். அவர் உயிரோடிருக்கையிலேயே, 1932இல், பிறந்த நகருக்குக் கோர்க்கி என்று பெயர் சூட்டியிருந்தனர். 1990இல் அந்நகர் மீண்டும் நிஷ்னி நொவ்கொரொட் ஆயிற்று. பாட்டனார் கஷீரினின் மரவீடு காட்சிச்சாலையாக அங்கே நிற்கிறது.